டீச்சர் அழுத்திய சிவப்புப் பொத்தான்

பக்கத்து இருக்கையில் சும்மா உட்கார்ந்துகொண்டே சம்பாதிக்கிற ஒரே மனுஷி அந்தத் தெருவில் அவள்தான். அவள் புருஷன் அப்படித்தான் கேலி செய்வார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். ஸ்டியரிங்கைப் பிடிப்பது யாரோ, வியர்த்து விறுவிறுத்துப் போவது யாரோ. அவள் பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்தவள் போல உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவள் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. ஓட்டப் பழகுகிறவர் கோட்டை விட்டால், கற்றுக்கொடுப்பவர் தன் பக்கமிருந்தே வண்டியை நிறுத்திவிடலாம்.

அந்த வட்டாரத்தில் டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை, இவள்தான். இவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இவளுடைய நிதானம். வேறு டிரைவிங் பள்ளிகளில் திட்டு வாங்கி, இந்த ஜென்மத்தில் எனக்கு வண்டி வராது என்று எழுதி வைத்துவிட்டவர்கள் எல்லாம் கடைசியில் இவளிடம்தான் வந்து சேர்வார்கள். "பதறாதீங்க. வண்டி உங்களை ஒண்ணும் பண்ணாது. நீங்க சொன்னாத்தான் அது நகரும்" என்பாள். எதிரே லாரி வந்தாலும் குரல் உயராது. கால் பிரேக்கின் மேல் இருக்கும், அழுத்தாது. தப்பு செய்கிறவனுக்கு அதைத் தானே திருத்திக்கொள்ள ஒரு கண நேரம் தர வேண்டும் என்பது அவள் கொள்கை. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். பெரிய மனுஷி என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

புருஷன் சோபா தைக்கிறவர். தெருவில் எல்லோருக்கும் சோபாக்காரர். கடை கீழே, வீடு அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. பழைய சோபாவைத் தோலுரித்து, நாடா இழுத்துக் கட்டி, பஞ்சு வைத்து, துணி போர்த்தி ஆணி அடிப்பார். அந்தச் சின்ன ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வது அந்தத் தொழிலில் வழக்கம். ஒரு கையில் துணி, ஒரு கையில் சுத்தியல், ஆணி உதட்டுக்கு ஒவ்வொன்றாக வரும். வாயில் ஆணியோடு பாதி ஆயுசைக் கழித்தவர் எவ்வளவு பேசுவார்? கல்யாணமான புதிதில் இவர் ஊமையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்ததுண்டு. பேசுவதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். கேட்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். குடும்பம் நன்றாகத்தான் ஓடியது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் இரண்டாவது மாடியிலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். "வெறும் வாயுதான்" என்றார். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. டீச்சர் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, பள்ளிக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். கூரை மேல் 'பழகுபவர், விலகிச் செல்லவும்' என்ற பலகை இருந்தது. ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவர்கள்கூட அந்தப் பலகையைப் பார்த்தால் அலறிக்கொண்டு ஒதுங்குவார்கள். அன்றைக்கு அவள் கை நடுங்கவில்லை. தன் நிதானத்தைத் தானே மெச்சிக்கொண்டுகூட வந்தாள், அந்த நிலைமையிலும்.

இருதய நோய் என்றார் டாக்டர். ரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. பெரிய அடைப்பில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. சின்னதை மாத்திரையால் பார்த்துக்கொள்ளலாம். "இது வந்துட்டுப் போற காய்ச்சல் இல்லம்மா. இனிமே இதோட வாழப் பழகணும். தினம் நடக்கணும், மெதுவா படி ஏறலாம், கொஞ்சம் கொஞ்சமா வேலைக்கும் போகலாம். ஆனா வெயிட் தூக்கக் கூடாது, உப்பு கொழுப்பு குறைக்கணும், வலி வந்தா உடனே உட்காரணும், மறைக்காம சொல்லணும்" என்றார்.

டீச்சர் தன் மாணவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்: நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் செய்யுங்க. அவளோ டாக்டர் சொன்னதில் 'கூடாது' என்று முடிந்ததை மட்டும் காதில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நடக்கணும், ஏறலாம், போகலாம் எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டன.

முதல் வேலையாகக் கடையைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மாடிப்படி திரும்புகிற இடங்களில் எல்லாம் ஒரு முக்காலி வைத்தாள். ஆபத்துக்கு உட்கார. அதில் தடுக்கி இரண்டாவது மாடிக்காரர் முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். சமையலில் உப்பு போயிற்று, எண்ணெய் போயிற்று, பின்னாலேயே ருசியும் போயிற்று. வேகவைத்த காய்கறியைத் தட்டில் பார்த்துவிட்டு அவர், "இது எனக்கா, முயலுக்கா?" என்று கேட்டார். அவர் வாய் திறந்து பேசியது அவளுக்கு நல்ல அறிகுறியாகத் தோன்றியது.

குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. வெளியே நின்றுகொண்டு, "இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன்" என்பார். கொஞ்சம் தாமதமானால் கதவைத் தட்டுவாள். சோப்புப் போட்ட முகத்தோடு பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "நான் பாடறேன். பாட்டு நின்னா உள்ளே வா" என்றார். ஆயுசில் ஒரு பாட்டு பாடியறியாத மனுஷர், தினம் காலையில் வார்த்தை இல்லாமல் ஏதோ ஒரு ராகத்தை இழுத்தார். நோய் வந்த பிறகு சோபாக்காரருக்கு வாழ்க்கையில் பிடிப்பு வந்துவிட்டது என்று எதிர் வீட்டு அம்மாள் நாலு பேரிடம் சொல்லி நெகிழ்ந்தாள்.

மத்தியானம் அவர் கண் அசந்தால் டீச்சர் பூனை போல வந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் அவர் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் கிளம்பல" என்றார். அசடு வழிய, தலையணையைச் சரி செய்வதற்காக வந்ததுபோல் நடித்தாள்.

வெளியூரில் இருக்கும் மகள் ஃபோனில், "அம்மா, அப்பாவை விட உன்னை நினைச்சாத்தான் பயமா இருக்கு. கொஞ்சம் மூச்சு விட்டுக்கோயேன்" என்றாள்.

"நான் நிதானமாத்தான் இருக்கேன்" என்றாள் டீச்சர், மூச்சு விடாமல்.

எல்லாவற்றுக்கும் சிகரம், ஆம்புலன்ஸ் வந்த கதை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைக் கையில் எடுத்தார். பிறகு இடது மார்பில் கையை வைத்தார். அழுத்தினார். தடவினார். முகத்தைச் சுளித்தார். சமையலறை வாசலிலிருந்து இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த டீச்சர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக ஃபோனை எடுத்தாள். ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு முக்காலிகளைத் தாண்டித் தாண்டி மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது, சோபாக்காரர் சட்டைப் பையில் தேடிய கண்ணாடியைத் தலையில் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று வந்தவர்களையே கேட்டார்.

வந்தவர்கள் நல்லவர்கள். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "சந்தேகம்னா கூப்பிடறது தப்பே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் கீழே தெருவே கூடியிருந்தது. பூட்டிய கடை, வாசலில் ஆம்புலன்ஸ் என்றதும் ஒருவர் பூமாலைக்கே சொல்லி அனுப்பிவிட்டதாகக் கேள்வி. சோபாக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கையசைத்த பிறகுதான் கூட்டம் கலைந்தது, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அன்றிலிருந்து அவர் நெஞ்சில் கை வைப்பதையே விட்டுவிட்டார். "எப்படி இருக்கு?" என்றால், "ஒண்ணும் இல்ல." "ஏதாவது பண்ணுதா?" என்றால், "ஒண்ணும் இல்ல." டீச்சர் இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டாள். மகளுக்கு ஃபோன் போட்டு, அப்பா தேறிவிட்டார், எல்லாம் என் கவனிப்பு என்று மார் தட்டிக்கொண்டாள்.

இதற்கிடையில் வகுப்புகளும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஒரு நாள் ஒரு நூலகர் ஓட்டிக்கொண்டிருந்தார். புத்தகங்களுக்கு நடுவே வாழ்ந்தவர், சாலையில் ஒரு நாயைக் கண்டாலும் மன்னிப்புக் கேட்கிற ரகம். காலியான சாலை. அவர் ஒழுங்காகத்தான் ஓட்டினார். தூரத்தில் யாரோ ஒருவர் அலமாரியைத் தோளில் சுமந்துகொண்டு படியேறுவது டீச்சர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், கால் தானாக அழுத்திவிட்டது. கார் குலுங்கி நின்றது. நூலகரின் நெற்றி ஸ்டியரிங்கில் முட்டாதது அவர் செய்த புண்ணியம்.

"டீச்சர், நான் என்ன தப்பு பண்ணேன்?" முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு.

"நீங்க ஒண்ணும் பண்ணல சார். என் கால் மரத்துப்போச்சு."

கொஞ்ச தூரம் போன பிறகு நூலகர் மெல்லக் கேட்டார். "வீட்டுல சாருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"தேவலை."

"நீங்க பக்கத்துல இருக்கீங்க, அவருக்கு என்ன கவலை? எங்ககிட்டயே இவ்வளவு பொறுமையாப் பேசறீங்க. அவர் குடுத்து வச்சவர் டீச்சர்."

அன்று காலையில்தான் டீச்சர், செருப்பு போடக் குனிந்ததற்காகச் சோபாக்காரரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு வந்திருந்தாள்.

அடுத்த தடவை பார்த்தபோது டாக்டர் டிரெட்மில் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஓடும் பட்டையில் நடக்க வைத்து, இருதயம் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்களாம். அதைப் பொறுத்துக் கடையைத் திறக்கலாமா, மருந்தைக் கூட்ட வேண்டுமா, மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்வாராம். கடை என்ற வார்த்தையைக் கேட்டதும் சோபாக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடக்க வைப்பார்களாம் என்றதும் டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பரிசோதனை அறைக்குள் கூட வருகிறவர்களை விடுவதில்லை. டீச்சர் விடுவாளா? அவர் சட்டையை யார் வைத்துக்கொள்வது, கண்ணாடியை யார் வைத்துக்கொள்வது, திடீரென்று தண்ணீர் கேட்டால் யார் தருவது என்று அடுக்கினாள். டெக்னீஷியன் ஒரு இளம்பெண், வேலையில் கறார். அலுத்துப்போய், "சரி, அந்த நாற்காலியில உட்காருங்கம்மா. ஆனா எதையும் தொடக் கூடாது" என்றாள்.

விதி விளையாடியது அந்த நாற்காலியில்தான். டிரெட்மில்லுக்கு ஒட்டினாற்போல், பக்கவாட்டில் போட்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் நடக்கிறவருடைய ஒரு பக்க முகம் தெரியும், கை தெரியும், எதிரே கருவிகள் தெரியும். அவள் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சம்பாதித்த இடம், அச்சு அசல் அதே கோணம்.

சோபாக்காரரின் மார்பெல்லாம் ஒயர் ஒட்டினார்கள். பட்டை நகர ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, பிறகு முன்பக்கம் மேடாக உயர்ந்தது. டெக்னீஷியன் திரையில் ஓடும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு துடித்தது. வேகம் இன்னும் கூடியது. அவள் வலது கால் தரையை அழுத்தியது. ஒன்றும் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினாள். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அப்போது அவர் தலையைத் திருப்பி ஒரு தடவை அவளைப் பார்த்தார்.

கைப்பிடிக்குக் கீழே பெரிதாக, சிவப்பாக, அழுத்து என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு பொத்தான் இருந்தது.

பட்டை பட்டென்று நின்றது. சோபாக்காரர் முன்னால் சாய்ந்து கைப்பிடியைக் கட்டிக்கொண்டார். இரண்டு ஒயர்கள் கழன்று தொங்கின. மெஷின் கூச்சல் போட்டது. அதைவிடப் பெரிதாக டெக்னீஷியன் கூச்சல் போட்டாள்.

"யாரு அமுக்கினது? ஏம்மா, நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன் இல்ல? இப்படித் திடீர்னு நிறுத்தினா அவர் விழுந்திருப்பாரே! இப்ப முதல்லேருந்து பண்ணணும்!" பிறகு அவரைப் பார்த்து, "யாருங்க இவங்க?" என்றாள்.

மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னார். "என் சம்சாரம். டிரைவிங் டீச்சர்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சருக்கு விளங்கியது. சட்டை, கண்ணாடி, தண்ணீர் பாட்டிலோடு அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். எத்தனையோ பேரை, இன்னும் பழக வேண்டும் என்று சொல்லி ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கியவள் அவள். இறக்கிவிடப்பட்டவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் உள்ளிருந்து தெரிந்துகொண்டாள்.

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. கொஞ்ச நேரம் பெஞ்சில் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தாள். முடியவில்லை. எழுந்து போய் எட்டிப் பார்த்தாள்.

அவரைக் கட்டிலில் உட்கார வைத்து ஓய்வு கொடுத்திருந்தார்கள். டெக்னீஷியன் ஒயர்களை மறுபடி ஒட்டிக்கொண்டே ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். நெஞ்சின் நடுவில் கையை வைத்துக் காட்டினார். அங்கிருந்து தோளுக்குக் கொண்டு போனார். தாடையைத் தொட்டுக் காட்டினார். பிறகு விரல்களால் காற்றில் படி ஏறிக் காட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, கையை முறுக்கிப் பிழிந்தார். அந்தப் பெண் தலையாட்டத் தலையாட்ட மேலே மேலே சொல்லிக்கொண்டே போனார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒருவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசி டீச்சர் பார்த்ததில்லை. ஆணியை எல்லாம் எங்கே துப்பினார் என்று நினைத்தாள். அந்த நினைப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தனக்கு 'ஒண்ணும் இல்ல' என்று தந்துகொண்டிருந்ததெல்லாம் என்ன என்பது புரிந்ததும் அவள் கண்ணாடியிலிருந்து விலகிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டாவது தடவை பரிசோதனை ஒழுங்காக முடிந்தது. டெக்னீஷியன் வெளியே வந்தாள். கோபம் ஆறியிருந்தது. "நல்லாத்தான் நடந்தார். மாடி ஏறும்போது கொஞ்ச நாளா வலி வருதுங்கறார். நின்னா போயிடுதாம். உங்களுக்குத் தெரியும்தானேம்மா?"

"தெரியும், தெரியும்" என்றாள் டீச்சர். பொய் சொல்லும்போதும் தலையை நன்றாகவே ஆட்டினாள்.

டாக்டர் கோடுகளைப் பார்த்தார். சின்ன அடைப்பு தன் வேலையைக் காட்டுகிறது, பயப்படும்படி இல்லை என்றார். மாத்திரையைக் கூட்டினார். கடையைத் திறக்கலாம், பாதி நாள், சோபாவைத் தூக்க ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். வலி வந்தால் உட்கார வேண்டும், நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்க வேண்டும், அஞ்சு நிமிஷத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸ். "வலி புதுசா இருந்தாலோ, சும்மா இருக்கும்போதே வந்தாலோ காத்திருக்கவே வேண்டாம், கூப்பிடுங்க. உங்களுக்கு இருக்கிறது ஆபத்து இல்ல சார். நீங்க அதைச் சொல்லாம இருக்கீங்க பாருங்க, அதுதான் ஆபத்து" என்று முடித்தார். சோபாக்காரர் தரையைப் பார்த்தார். டீச்சரும் அதே தரையைத்தான் பார்த்தாள்.

காரில் ஏறினார்கள். அவள் ஓட்டுநர் இருக்கையில், அவர் பக்கத்தில். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. பின்னால் இடத்துக்குக் காத்திருந்த வண்டிக்காரன் கூரைப் பலகையைப் பார்த்துவிட்டு, இது இப்போதைக்கு நகராது என்று வேறு இடம் தேடிப் போனான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"ஆம்புலன்ஸ் வந்துதே, அதுக்கப்புறம்."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

அவர் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த இலையைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். உங்களுக்காக நான் உப்பை விட்டேன், தூக்கத்தை விட்டேன், வேலையில் பேரைக் கெடுத்துக்கொண்டேன் என்று ஆரம்பிக்க ஒரு பெரிய வாக்கியம் தயாராக இருந்தது. எப்படியோ அதை விழுங்கினாள். அன்று ஒரு நாளில் அவள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"வலிக்கிறப்ப என்னைப் பார்த்துக்கறதுக்குத்தான் எனக்குத் தெம்பு இருக்கு" என்றார் அவர். "சொன்னா உன்னையும் சேர்த்துப் பார்த்துக்கணும். அதுக்குத் தெம்பு இல்ல. அதான் சொல்லல."

டீச்சர் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் தடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு அவர் சட்டை நுனியாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க போயிடுவீங்களோன்னு."

"எனக்கும்தான் பயம். ஆனா நீ பயப்படற வேகத்துல என் பயத்துக்கு இடமே இல்லாமப் போயிடுது."

"நான் என்னதான் பண்ணணும்? சொல்லுங்க."

"தெரியல." யோசித்தார். "வலிக்குதுன்னு சொன்னா, எங்கன்னு கேளு. அவ்வளவு போதும்."

சொல்வது சுலபம். அடுத்து வந்த நாட்கள் டீச்சருக்கு வாழ்க்கையிலேயே கஷ்டமான பயிற்சி வகுப்பு. முக்காலிகளை எடுத்துக் கடைக்கே அனுப்பினாள். தாழ்ப்பாளுக்கு விடுதலை கிடைத்தது. அவர் குளிக்கும்போது சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருப்பாள், காது அந்தப் பக்கம் போகாமலிருக்க. அவர் பாட்டு நின்றுபோனதில் எதிர் வீட்டு அம்மாளுக்கு வருத்தம். கடைச் சாவியைக் கொடுத்தாள். தூக்க ஒரு ஆள் வந்தான். வகுப்புகளுக்கு நடுவே கடைப் பக்கமாகக் காரைத் தற்செயலாக ஓட்டச் சொல்வாள். தற்செயலாகத் தினம் மூன்று நான்கு தடவை ஓட்டியதில், நூலகருக்கு அந்தத் தெருவில் மட்டும் பிரமாதமாக வண்டி வந்தது.

'எப்படி இருக்கு' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும். உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவள் உதட்டைக் கடிப்பதைப் பார்த்தால் அவர் கண்ணால் சிரிப்பார். ஆனால் ஒன்றும் சொல்லமாட்டார். வலி வரவில்லையா, வந்தும் சொல்லவில்லையா? அதுதான் தெரியவில்லை. கேட்டால் போச்சு, கேட்காவிட்டாலும் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு வேளை அவர் இனிமேல் என்றைக்குமே தன்னிடம் சொல்லப்போவதில்லை, எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒரு டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டு வந்து தன்னிடம் ஒண்ணும் இல்ல என்றே வாழ்ந்து முடித்துவிடுவார் என்று நினைக்கும்போது, நோயைவிட அதுதான் அவளைக் குத்தியது. பழகிய சாலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் போவது போல இருந்தது.

ஒரு சாயங்காலம் கடையை மூடிவிட்டு இருவரும் மேலே ஏறினார்கள். அவர் முன்னால், அவள் காய்கறிப் பையோடு பின்னால். முதல் மாடி தாண்டியது. அதற்கு மேல் பாதியில் அவர் வேகம் குறைந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெல்லப் படியில் உட்கார்ந்தார். அவளும் நின்றாள். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குது" என்றார்.

அவளுக்குள் பழைய மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டது. ஃபோன், ஸ்ட்ரெச்சர், மகள், தெரு, மாலை.

"எங்க?" என்றாள்.

"இங்க." நெஞ்சின் நடுவில் கையை வைத்தார். "இங்கேருந்து தோளுக்குப் போகுது."

"எப்பவும் வர்ற மாதிரிதானா?"

"அதே மாதிரிதான்."

அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவள் அவருக்குப் பக்கத்தில், அந்தக் குறுகலான படியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது மாடிக்காரர் இறங்கி வந்தார். இருவரையும் பார்த்தார், தன் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், ஓரமாகத் தாண்டிப் போனார். பையிலிருந்து ஒரு வெங்காயம் உருண்டு கீழே கீழே போயிற்று. யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை.

"கை நடுங்குது உனக்கு" என்றார் மாத்திரைக்கு மேலாக.

"பயமா இருக்கு."

"ம்."

கையைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டாள். படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறுகிற சத்தம் கேட்டது. அவள் காதைக்கூட அந்தப் பக்கம் திருப்பவில்லை.

"குறையுது" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "போயிடுச்சு" என்றார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. "இன்னும் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போகலாமா?"

"எவ்வளவு நேரம் வேணாலும் உட்காருங்க. காலையில டாக்டருக்கு ஃபோன் பண்ணி இதைச் சொல்லிடலாம்."

"சரி. நானே சொல்றேன். நீ பக்கத்துல இரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே பொங்கி வந்தது அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். அது அழுகை இல்லை. புருஷன் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக் கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட பெண்டாட்டி உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா என்று எண்ணி அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே, அவர் கையை விடாமல், சந்தோஷமாகவே உட்கார்ந்திருந்தாள்.